ஒன்பதாம் அடி

ஜாலான் புசார் கடைவீட்டு மாடி.
டிக்கெட் இல்லை, பிஸ்கட் டின் உண்டியல்.
ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி:
மனுவுக்கு, வக்கீலுக்கு,
சாங்கி போய்வரும் வீட்டாருக்கு.

தேவசகாயம் கிட்டாரை மடியில் போடுகிறான்.
ஏழு வருஷம் கம்பி எண்ணியவன்.
“இதில் ஆறுதான்” என்கிறான்.
யாரோ சிரித்து, நிறுத்திக்கொள்கிறார்.
“ப்ளூஸுக்குப் பன்னிரண்டு அடி.
எனக்குப் பிரம்பில் எட்டு.”

வாசிக்கிறான்.
ஒன்பதாவதில் கை நின்றுவிடுகிறது.
பக்கத்து அறைக்காரன்
ஒரு வெள்ளிக்கிழமை விடியலில்
செருப்பை விட்டுவிட்டுப் போனது
அந்த இடத்தில்தான்.

மின்விசிறி சுற்றுகிறது.
கீழே பேருந்து கதவு மூடும் சத்தம்.

முன்வரிசையில் ரெஹ்மத் மட்டும்
நாளை மகனுக்குக்
கண்ணாடியில் தட்டிக்காட்டவென்று
தொடையில் தாளம் பழகிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்பதில் அவள் நிற்கவில்லை.