தொண்ணூறு நாள்

ஐந்து துண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தது.
இறக்கை இரண்டு, வால் ஒன்று,
மிச்ச உடம்பு இரண்டாக.
ஆறு டன் கத்தியைக் கிரேன் எண்பதடி தூக்கும்.
லியாண்ட்ரோ உர்கிதெஸ் பிடியைத் தளர்த்துவான்.
சத்தம் காதுக்கு வருமுன்
தரையில் கிடக்கும் திருகாணிகள் துள்ளும்.

அரிசோனா மண் கெட்டி.
குண்டுவிமானத்தை வெறுந்தரையில் நிறுத்தலாம், அமுங்காது.
மழையும் பேருக்குத்தான். துரு ஏறாது.
அதனால்தான் எல்லாம் இங்கே வந்து சேர்கிறது,
முடிந்த போருக்கு உழைத்ததும்
நடக்காத போருக்குக் காத்திருந்ததும்
ஒரே வரிசையில்,
கண்ணாடிக்கு வெள்ளைப் பூச்சு பூசி
எஞ்சின் வாயை ஒட்டி மூடி.
ஒன்றின் சக்கரக்குழியில் ஆந்தை மூன்று முட்டை இட்டிருந்தது.
அதற்கு மட்டும் தேதி தள்ளிப்போட்டார்கள்.
முட்டைக்கென்று தனியாக ஒரு படிவம் இருந்தது.

வெட்டியதை உடனே அள்ளக் கூடாது.
தொண்ணூறு நாள் அப்படியே கிடக்க வேண்டும்,
ரஷ்யர்களின் செயற்கைக்கோள்
மேலே போகும்போது எண்ணிக்கொள்வதற்கு.
எத்தனை மணிக்குப் போகும் என்று
எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.
பத்து நாற்பது என்று லியாண்ட்ரோ தானே முடிவு செய்தான்.
தினமும் பத்து நாற்பதுக்குத் தொப்பியைக் கழற்றி
வெறும் வானத்துக்குக் கையாட்டுவான்.
அங்கே ஒருத்தன் டீயோடு உட்கார்ந்திருப்பான்,
துண்டுகளையே பார்த்துப் பார்த்து
அவனுக்கும் சலிக்காதா என்பான்.

வன்பெங் கம்பி உருவுகிறவள்.
ஒரு விமானத்தில் மைல்கணக்கில் கம்பி.
குடலை இழுப்பதுபோல் இழுத்து
முழங்கையில் சுற்றிச் சுற்றி மூட்டையில் போடுவாள்.
லாவோஸ்காரி. சியெங் குவாங்.
வேலைக்கு வந்த முதல் நாள்
வாலிலிருந்து மூக்குவரை நடந்து
மறுபக்கமாகத் திரும்பி வந்தாள்.
"இவ்வளவு பெரிசா" என்றாள்.
சிறுபிள்ளையில் குகைக்குள் இருந்தார்களாம்.
சத்தம்கூட முதலில் வராதாம்,
மலை குலுங்கிய பிறகுதானாம்.
நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது,
கோழி கீறிய மாதிரி
நாலைந்து வெள்ளைக் கோடு.
சொல்லிவிட்டு இறக்கைக்கடியில் உட்கார்ந்து
சாப்பாட்டைப் பிரித்தாள்.
அந்தப் பொட்டலில்
வேறு நிழல் இல்லை.

நானும் அங்கேதான் உட்கார்ந்தேன்.
"ஆர்லன், நீ பட்டாளத்தில் இருந்தாயாமே, எங்கே?"
குவாம்.
"என்ன வேலை?"

குவாமில் மூன்று வருஷம்
இதே ரகத்துக்கு எண்ணெய் ஊற்றினேன்.
எட்டு எஞ்சினும் ஒவ்வொன்றாகச் சூடேறும்போது
எது கனைக்கிறது எது இருமுகிறது என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
விடிகாலையில் கனத்துப் போகும்,
இருட்டில் லேசாகத் திரும்பி வரும்.
நடுவில் என்ன ஆயிற்று என்று
நான் கேட்டதில்லை. அது என் பிரிவு இல்லை.

சமையல், என்றேன்.

தொண்ணூறு நாளும் அவள் விடவில்லை.
மூங்கில் கூடையில் ஒட்டும் சோறு,
காகிதத்தில் சுட்ட மிளகாய்த் துவையல்.
இரண்டு விரலால் சோற்றை உருட்டி
அதில் தோய்த்து என் முன்னால் நீட்டுவாள்.
"நீதான் சமையல்காரன். உப்பு சரியா சொல்."
ஒருநாள் குறைவு என்றேன்.
மறுநாள் கூடுதலாகப் போட்டு வந்தாள்.

கெடு முடிந்து லாரி வந்தது.
இறக்கையைத் தூக்கியபோது
அடியில் மண் வேறு நிறமாக இருந்தது,
நாங்கள் துப்பிய ஆரஞ்சு விதைகளோடு.
லியாண்ட்ரோ அன்றும் கையாட்டினான்.
அந்த வாரம் முழுக்க லாரி நிழலில் சாப்பிட்டோம்.
அது மூன்று பேருக்குப் போதவில்லை.
என் கால் இரண்டும் வெயிலில் கிடக்க
அவள் உருண்டையை நீட்டினாள்.
சரியா?
சரி, என்றேன்.