மதியம் ஒரு மணி வரை

ஹேமில்டனில் நள்ளிரவு என்றால்
ஈசூனில் மதியம் ஒரு மணி.
இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவன்
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்
மடிக்கணினி முன் உட்கார்ந்திருக்கிறேன்.
மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைக்கிறார்கள்.
மின்தூக்கியில் அறிவிப்பு ஒட்டியிருந்தது:
வெள்ளிவரை பொறுத்துக்கொள்ளவும்.

விண்ணப்பம் கேட்கிறது
நோயாளிகளோடு நேரடித் தொடர்பு
எத்தனை மணி நேரம்?
பதினோரு ஆண்டு, வாரம் நாற்பத்திரண்டு,
விடுப்பைக் கழித்து
கோவிட் காலத்து இரட்டை ஷிஃப்டைக் கூட்டினால்
இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம்.

சொச்சத்தில்தான் தகராறு.
பதினேழாம் கட்டில் திரு ஆங்
விடிகாலை நாலு மணிக்குக் கோப்பி ஓ கேட்டார்.
வாய்வழி எதுவும் கூடாதென்று தலைமாட்டில் அட்டை.
பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன்.
"சீனி பத்தலை" என்றார், மலாயில்.
என் ஷிஃப்ட் ஏழரைக்கு முடிந்தது.
அவர் எட்டேகாலுக்கு.
நடுவில் நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்த
அந்த முக்கால் மணி நேரத்தை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
மேலதிகாரியின் கையொப்பத்துடன் உறுதிசெய்யவும்
என்கிறது அடிக்குறிப்பு.

செய்தியில் எங்களைத் தாதியர் என்பார்கள்.
ஒருமையில் நான் தாதி.
அந்தச் சொல்லுக்கு ஆண்பால் கிடையாது,
பதினோரு ஆண்டாய் அதற்குள்
தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறேன்.
இப்போது கேட்கிற வேலைக்கோ
தமிழில் பெயரே இல்லை.
மருத்துவ உதவியாளர் என்றேன் மாமனாரிடம்.
"தள்ளுவண்டி தள்ளுறதா?"
துணைமருத்துவர் என்றால் ஆம்புலன்ஸ்.
டாக்டருக்கும் தாதிக்கும் நடுவில் என்றேன்.
"நடுவுல எங்க நிக்கிறது?"
நியாயமான கேள்வி.
அங்கேயும் ஒரு டாக்டரின் மேற்பார்வையில்தானே,
கயிறு கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்
என்கிறான் பிசியோ ரஃபீக்,
என் தோசையில் பாதியைப் பிய்த்துக்கொண்டே.

சுபாஷிணி கணக்குப் போட்டு
குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறாள்.
நிரந்தரவாசக் கடிதம் மார்ச்சில் காலாவதி.
இரண்டு ஆண்டு கட்டணம், இரண்டு ஆண்டு சம்பளமில்லை.
வீடு: ஐந்தாண்டுக் கெடு முடிய இன்னும் ஏழு மாதம்,
அதுவரை விற்க முடியாது.
பனிச் சப்பாத்து மூன்று ஜோடி.
கடைசி வரி மட்டும் பென்சிலில்:
திரும்பி வந்தால் இங்கே அந்த வேலை இல்லை.
அழிப்பதற்காகவா பென்சில் என்று
அவளிடம் நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தைய இரவு
ஒன்பதாம் கட்டில் பெண்ணுக்கு
மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தொட்டது.
கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டதென்று
என் விரல்களுக்குத் தெரிந்தது.
மூன்று முறை அழைத்தேன்.
பணியிலிருந்த இளம் டாக்டர்
ஆறாம் மாடியில் வேறொருவரின் நெஞ்சை
அமுக்கிக்கொண்டிருந்தார்.
யார்மீதும் பிழையில்லை.
மருந்து அலமாரி கைக்கெட்டும் தூரம்.
கை என்னுடையது,
கையெழுத்து இன்னொருவருடையது.
அவள் பிழைத்துக்கொண்டாள், சொல்லிவிடுகிறேன்.
ஆனால் அந்த நாற்பது நிமிடம்
இன்னும் என்னோடு மின்தூக்கியில் ஏறி
பதினொன்றாம் மாடியில் இறங்குகிறது.

பன்னிரண்டு நாற்பது.
துளைப்பான் நின்றுவிட்டது,
அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம்.
ஏன் இந்தத் தொழில்? ஆயிரம் எழுத்துக்குள்,
என்கிறது கடைசிக் கட்டம்.
ஒன்பதாம் கட்டிலைத்தான் எழுத உட்கார்ந்தேன்.
விரல் திரு ஆங்கை எழுதியது,
பஞ்சை, சீனியை, முக்கால் மணி நேரத்தை.
படித்துப் பார்த்தேன்.
தாதி எழுதியது போலத்தான் இருக்கிறது.
அழிக்கவில்லை.

அட்டை எண் கொடுத்தாயிற்று.
பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
இப்போதுதான் குனிந்து
சப்பாத்தைக் கழற்றுகிறேன்.
ஒன்று கழன்றுவிட்டது.
மற்றதில் முடிச்சு விழுந்திருக்கிறது.