நான்காவது ஷாஃப்ட்

ஒறம்பரை வந்தால் முதலில் தண்ணீர்,
அடுத்தது, "என்ன குரூப்பு, கண்ணு?"
நான் வாய் திறக்கும் முன்
அம்மா சொல்லிவிடுவாள், "கம்ப்யூட்டருங்க."
சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை
என் பக்கம் நகர்த்துவாள்.

பன்னிரண்டு எஃப்.
சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி
சத்துணவுக் கூடத்துப் புகையையும் தாண்டினால் வரும்.
முப்பத்தொரு பையன்கள், நான், பர்வீன்.
கணக்கில் தப்பிப் பிழைத்தவர்களை
வரிசையாக அனுப்பிவைக்கும் இடம்.
நான் எழுபத்தெட்டு.
நானாகத்தான் கேட்டேன்.
ஹெச்.எம். இரண்டு முறை
"எந்த குரூப்பு?" என்றார்,
காது கேட்காதவர் போல.

பள்ளியில் ஒரு லேத் உண்டு.
நாங்கள் ஆறாவது படிக்கும்போதே
மோட்டார் காயில் எரிந்துவிட்டதாம்.
ஆகவே லேத்தை வரைந்தோம்.
ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக், கேரேஜ்,
பென்சிலில் நிழல் கொடுத்து.
பர்வீன் வரைந்த லேத்
ஓடுவது போலவே இருக்கும்.

அரைப்பரீட்சை லீவு முடிந்ததும்
ஆவாரம்பாளையத்தில் பம்புக் கம்பெனி ஒன்றில்
பத்து நாள் பயிற்சி.
தகரக் கூரை. வாசலில் புங்கமரம்.
மரத்தடியில் நீலம்பாரித்த இரும்புச் சுருள்கள்.
முதல் நாள் கூட்டினோம்.
இரண்டாம் நாள் போல்ட் எண்ணினோம்.
மூன்றாம் நாள் கடைசல்காரர் வரவில்லை,
பாரியூரில் குண்டம் இறங்கப் போயிருந்தார்.
"படத்துல பாத்ததுதானுங்களே,
ஓட்டிப் பாருங்க" என்றார் சூப்பர்வைசர்,
அவருக்கு லோடு ஏற்றும் அவசரம்.

இருபத்தைந்து மில்லிமீட்டர்.
கூட்டல் கழித்தல் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.
ஒரு தலைமுடியை
நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால்
அதில் ஒரு பங்கு.

முதல் மூன்றும் பருத்திருந்தன.
திரும்பப் பிடித்து, திரும்பச் சீவினேன்.
நான்காவதில்
கை ரெண்டு கோடு கூடச் சுற்றிவிட்டது.
மைக்ரோமீட்டர் பொய் சொல்லாது:
இருபத்து நான்கு புள்ளி ஒன்பது.
பருத்ததைச் சீவலாம்.
சிறுத்ததற்கு என்ன செய்ய?

யாரும் திட்டவில்லை.
சிவப்புப் பெயிண்டில் ஒரு தீற்று,
ரிஜெக்ட் பெட்டியில் ஒரு 'டங்'.
அவ்வளவுதான்.
திட்டியிருந்தால் தேவலை.

பத்தாம் நாள் அதைக் கேட்டேன்.
"எடைக்குப் போட்டா முப்பது ரூவா, எடுத்துக்குங்க அம்மணி."
ஐந்தாவதிலிருந்து பதினேழாவது வரை
எல்லாம் சரியாக வந்தன.
அவை எந்தத் தோட்டத்தில் சுற்றுகின்றனவோ,
என்னிடம் இருப்பது இதுதான்.

பொங்கலுக்குக் கிணத்துக்கடவு போனோம்.
தென்னைக்குத் தண்ணீர் பாயும்போது
மாமாவின் மோட்டார் கத்திவிட்டு நின்றது.
அம்மா வாய் தவறிச் சொன்னாள்,
"இவளைக் கேளுங்ணா, இவ அதான் படிக்கிறா."
ஆறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
ஏழாவதாக அம்மாவும்.

"ஷாஃப்ட்டக் கழட்டிக் குடுத்தா
தேஞ்சிருக்கான்னு அளந்து சொல்லுவனுங் மாமா.
மத்தது தெரியாதுங்."

சித்தி சிரித்தாள்.
பொள்ளாச்சியிலிருந்து ஆள் வந்து
பேரிங் போட்டு ஐந்நூறு வாங்கிப் போனார்.
ஷாஃப்ட் நன்றாகத்தான் இருந்தது. அளந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா
ஈச்சனாரி தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு சொன்னாள்,
"கம்ப்யூட்டர்னு இனிச் சொல்ல முடியாது."
"ஆமா."
"போகுது போ. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு,
எவனாவது ஒருத்தன்
போனை ரிப்பேர் பண்ணச் சொல்லிருவானோன்னு."

இப்போது மே கடைசி.
பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருசம்,
இன்ஜினியரிங்குக்குத் தொழிற்பிரிவின் தனி வரிசை,
ஆவாரம்பாளையத்தில் சம்பளத்துக்கே கூப்பிடுகிறார்கள்.
மூன்று காகிதம் மேசையில்.
பாலக்காட்டுக் கணவாய் திறந்துகொண்டது,
ஜன்னல் நிற்க மாட்டேன் என்கிறது.
மூன்றின் மேலும் நான்காவது ஷாஃப்ட்டை வைத்திருக்கிறேன்,
சிவப்புத் தீற்று மேலே தெரிய.

பர்வீன் போனில் கேட்கிறாள்,
"போட்டாச்சாடி?"
"இல்ல. காத்து அடங்கட்டும்."
"அது ஆவணி வரைக்கும் அடங்காது.
கடைசி நாள் வெள்ளிக்கிழமை."