தாங்கு சூடு

ஆடி ஒன்பது. நடுச்சாமம் தாண்டியும்
பாலக்காட்டுக் கணவாய் வாயை மூடவில்லை.
கேத்தனூர்ப் பக்கம் காற்றாடிகளில் பாதி சுற்றுகின்றன.
மீதி, இறகைச் சாய்த்துக் காற்றை வழியவிட்டு
உச்சியில் சிவப்பு விளக்கோடு சும்மா நிற்கின்றன,
பந்தியில் இடமில்லை என்று
மண்டப வாசலில் நிறுத்திவைத்த ஒரம்பரை மாதிரி.

மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை, அது போகும் தடத்துக்குத்தான்.
இதை வீட்டில் விளக்கப் பார்த்தேன்.
"முகூர்த்த நாள்ல அவிநாசி ரோடு" என்றாள் மனைவி,
நான் மூன்று வருஷமாகத் தேடிய வாக்கியத்தை
வெங்காயம் அரிந்துகொண்டே.

எங்கள் பவுண்டரியில் உலை இரண்டு.
சேர்ந்து இழுத்தால் நாலு ஊர் விளக்கு.
முள் எகிறிய நாட்களில்
முதலாளி சென்னியப்பன் எல்லோருக்கும் டீ சொல்வார்.
எகிறுவதுதான் தொழில் என்று நானும் நம்பியிருந்தேன்.

இப்போது சாயங்காலம் ஏழே காலுக்கு போன் வரும்.
சப்-ஸ்டேஷனிலிருந்து யுவராணி.
முகம் பார்த்ததில்லை. குரலில் எப்போதும்
பின்னால் ஒரு மின்விசிறி கடகடக்கும்.
"ஏனுங்க, உலையக் கொஞ்சம் அமத்த முடியுங்களா?
முக்கா மணி நேரம். எங்க டிரான்ஸ்பார்மர் தாங்காதுங்க."

அணைக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள்.
உருகினது உறைந்தால் உலையே போச்சு,
அது அவளுக்குத் தெரியும்.
மூடியை இறக்கி, பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்:
இரும்பு தன் சூட்டை மடியில் முடிந்துகொண்டு
அசையாமல் உட்கார்ந்திருக்கும்.
தாங்கு சூடு என்று பேர்.
அந்த முக்கால் மணியில் எங்கோ
ஒரு பிள்ளையின் மேஜை விளக்கு
மங்காமல் எரிந்திருக்கலாம். நான் பார்க்கவில்லை.

"நமக்கென்னப்பா லாபம்?" என்றார் முதலாளி.
உச்ச நேரக் கட்டணத்தைக் காட்டினேன்.
நிறுத்திய காற்றாடிகளை ஜன்னல் வழியே காட்டினேன்.
ஏழு மணி உருக்கை ராத்திரி ஒன்றுக்குத் தள்ளினால்
நெரிசலில் ஒரு லாரி குறையும்,
காலியான தடத்தில் ஒரு லாரி கூடும் என்றேன்.
கால்குலேட்டரைத் தட்டினார். ரெண்டு தரம் தட்டினார்.
சரி என்றார்.

பிகாஷை யாரும் கேட்கவில்லை.
பலாங்கீர்க்காரன், கரண்டி பிடிப்பவன்.
எட்டு மணிக்கு மகள் போனில் கூப்பிடுவாள்;
முன்பெல்லாம் எடுக்க முடியாது, இப்போது முடிகிறது.
சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.
ஆனால் பகல் பதினொன்றுக்குத் தகரக் கொட்டகையில்
கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தான்.
லோடைத் தள்ளினேன் என்று எழுதினேன்,
தள்ளியது ஒரு ஆளின் தூக்கத்தையும்.
அது எந்த மீட்டரில் ஓடும்?

அடுத்த கணக்குத் தாளின் அடியில்
கொட்டகைக்குக் கூலர் இரண்டு என்று சேர்த்தேன்.
ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டார்.

மணி ஒன்று ஐந்து.
"ஏத்துங்க" என்கிறாள் யுவராணி, கொட்டாவியோடு.
ஏற்றுகிறேன். முள் எழுகிறது. யாரும் டீ சொல்லவில்லை.
எதிர்ப் பக்கத்து நூல்மில்லும் ஏற்றுகிறதுபோல,
அவர்கள் சத்தம் தரையில் வருகிறது.
தெற்கே ஒரு காற்றாடி
மெதுவாகக் கழுத்தைத் திருப்பிக் காற்றைப் பார்க்கிறது.
இன்னொன்று.
எங்களுக்காகத்தானா? தெரியாது.
கம்பியில் வருவதன்மேல் பேர் எழுதியிருக்காது.

பிகாஷ் கரண்டியைச் சாய்க்கிறான்.
பதினெட்டு அச்சு, பதினெட்டு பம்புக் கூடு.
நாளைக்கு ஆறும், பாலீஷ், பெயின்ட், பெட்டி,
பிறகு ஏதோ ஒரு தோட்டத்துக் கிணறு.
அங்கே சாயங்காலம் ஏழு மணிக்கு,
அக்கம்பக்கம் எல்லோரும் தட்டும் அதே நேரத்தில்,
ஒருவர் சுவிட்சைத் தட்டுவார்.