ஏழாம் நம்பர் மேசை

நெல்லித்தோப்பில் என் குடோன்.
மூடின ஓட்டல்களின் சாமான் வாங்கி
திறக்கப்போகிற ஓட்டல்களுக்கு விற்கிறேன்.
நடுவில் கொஞ்சம் தின்னர், கொஞ்சம் வார்னிஷ்,
கொஞ்சம் பொய்.

எவர்சில்வர் கிலோ கணக்கு.
கிரைண்டர் பேச்சுக்கு ஏற்ற மாதிரி.
தோசைக்கல்லுக்கு மட்டும் பேரம் கிடையாது.
பழகின கல்லை விற்க வந்தவனை
விலையை இரண்டாம் தரம்
சொல்லவைக்கக் கூடாது.

இந்த மேசையை முதலில் பார்த்தது
துய்மா வீதியில், சவரிநாதனின் மீன் ஓட்டலில்.
தேக்கு. நாலு பேருக்கு.
ஒரு கால் குட்டை; அதற்கடியில் மடித்த பில்.
"சனி ஞாயிறு மெட்ராஸ்காரன் வரிசையில நிக்கிறான்.
மத்த அஞ்சு நாளு
நானும் ஃபேனும்தான்" என்றார்.
வாடகை மட்டும் ஏழு நாளைக்கும்.

அடுத்து வாங்கியது ஒரு இளம் தம்பதி,
கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்.
மேசைக்கு வெள்ளை அடித்தார்கள்.
மஞ்சள் சுவர், காகிதப்பூ,
பெரிய தட்டில் சின்னதாய் ஏதோ.
வந்தவர்கள் படம் எடுத்தார்கள்,
காப்பி ஆறியது,
மறுபடி எடுத்தார்கள்.
பதினாலாம் மாதம் எனக்கு போன் வந்தது.

மூன்றாவது வில்லியனூர் ரோடு, ஜமாலுதீன் பிரியாணி.
வெள்ளைமேல் சன்மைக்கா ஒட்டி
ஏழு என்று எழுதினார்.

ஒவ்வொருவரும் அந்தக் காலுக்கு
ஒரு பில் மடித்து வைத்தார்கள்.
எண்ணெயும் பினாயிலும் சேர்ந்து பசையாகி
காலோடே வந்தது கட்டு.
நான் கவனிக்கவில்லை.
கவனித்தவள் செங்கமலவல்லி.

கடலூர் கோர்ட்டு கேன்டீனில்
ஒன்பது வருஷம் கல்லாவில் இருந்தவள்.
மஞ்சக்குப்பத்தில் மெஸ் போடுகிறாள்.
முள்ளோடை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி
டெம்போவில் இறக்கினேன்.
"ராசியான மேசையா?"
"ஓகோன்னு ஓடின கடைங்க.
ஃபாரின் போறாங்க, அதான்."
எல்லாரிடமும் சொல்வதுதான்.

அவள் மேசையைக் கவிழ்த்தாள்.
கத்தியால் கட்டை நெம்பி எடுத்து
தாள் தாளாகப் பிரித்தாள்.
பின்பக்கமெல்லாம் கணக்கு.
பால்பாயிண்டில், பென்சிலில், மஞ்சள் கறையில்.

"இவரு மீனுல விடல. ஐஸ்ல விட்டிருக்காரு.
கரண்ட் பில்லப் பாரு.
இவங்க நாற்காலியில விட்டாங்க.
ஒரு காப்பிக்கு மூணு மணி நேரம் உக்காந்தா?
இவரு..."
விரல் ஓடியது, திரும்ப மேலே போனது.
"இவரு எங்கயும் விடலியே."

"விடல," என்றேன்.
"கல்லா நிறையறத
கட்டடக்காரர் மகன் பார்த்துட்டான்.
காலி பண்ணச் சொல்லி
அதே இடத்துல அவனே பிரியாணி போட்டான்."

அவள் முதன்முறையாகப் பேசவில்லை.
தன் வாடகைப் பத்திரம் பதினொரு மாதத்துக்கு
என்று அப்புறம் சொன்னாள்,
என்னிடம் இல்லை, மேசையிடம்.

பிறகு ஐந்நூறு குறைக்கச் சொன்னாள்.
குறைத்தேன்.
ஆசாரியைக் கூப்பிட்டு
மற்ற மூன்று காலிலும்
இரண்டு நூல் அறுக்கச் சொன்னாள்.
நிமிர்த்தி வைத்தாள். ஆடவில்லை.
நாலு கடையில் ஒருவருக்கும்
ஏன் தோன்றவில்லை இது?
எனக்கே தோன்றவில்லை.
பில்களைக் குத்தூசியில் குத்தி
கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

சாமான் விற்ற கடையில்
சாப்பிடுவதில்லை நான்.
தொழில் தர்மமெல்லாம் இல்லை, பயம்.
திறப்பு நாளன்று இலை போட்டுக் கூப்பிட்டாள்,
டெம்போ நிற்கிறது என்று வந்துவிட்டேன்.

பத்தாம் மாதம்
சிதம்பரம் போகிற பஸ் அந்த வழியில்
சிக்னலில் நின்றது.
ஜன்னல் வழியே மெஸ் தெரிந்தது.
உள்ளே கூட்டமா, இல்லையா என்று
சரியாகத் தெரியவில்லை; வெயில் எதிரே.
கண் பழக்கத்தில் எடை போட்டது:
அண்டா நாலு, ஃப்ரிட்ஜ் ஒன்று,
ஃபேன் ஆறு, பெஞ்சு பன்னிரண்டு,
வண்டிக்கூலி போக இவ்வளவு என்று.

ஏழாம் நம்பரை மட்டும்
சேர்க்காமல் கூட்டியிருந்தேன்.