பின்வாசல் ஆபீஸ்

எட்டே முக்காலுக்கு முன்வாசல் வழியாக இறங்குகிறேன்.
கையில் டிபன் டப்பா, தோளில் மடிக்கணினி,
காலில் செருப்பு. செருப்பு முக்கியம்.
பள்ளத்தூர்த் தெருவில் வலது, மறுபடி வலது,
குழாயடி தாண்டி இன்னொரு வலது:
முந்நூற்று நாற்பது எட்டு வைத்தால்
எங்கள் வீட்டின் பின்வாசல்.

வீட்டுக்குள்ளேயே நடந்தால் எழுபதுதான்.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு
என்று நேரே போய்விடலாம்.
அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன், முதல் ஏழு மாதம்.
அந்த எழுபது எட்டுக்குள்
ஒரு துவையல் அரைக்க வேண்டியிருந்தது,
கொரியருக்குக் கையெழுத்து,
மாமனார் மாத்திரைக்கு வெந்நீர்,
தூறலுக்கு முன் வத்தலை அள்ளணும்.
போய்ச் சேரும்போது மணி பதினொன்று.
சில நாள் போய்ச் சேரவே இல்லை.
வளவில் பாய் விரித்து, மடியில் வேலையை வைத்துக்கொண்டு
சதுர வானத்தில் ஒரு மேகம்
இந்த ஓட்டிலிருந்து அந்த ஓட்டுக்குப் போவதைப் பார்த்திருந்தேன்.

நோய்களுக்கு எண் போடுவது என் வேலை.
கடல் தாண்டி யாரோ படியில் சறுக்குகிறார்.
எந்தக் கால், எந்த எலும்பு, முதல் தடவையா,
எல்லாவற்றுக்கும் எண் உண்டு.
கிளி கொத்தினால் ஒன்று. ஆமை கடித்தால் ஒன்று.
நாளொன்றுக்கு எண்பத்தைந்து பேர்.
ஐந்து நிமிடம் விசை தட்டாவிட்டால்
பெயருக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி மஞ்சளாகும்.
புனேயிலிருந்து மேலாளர் கேட்பார்: சிக்கி, இருக்கிறாயா?
சிகப்பி அவர் வாயில் சிக்கி.
அவர் ஊரில் அது கடலைமிட்டாயாம்.
இருக்கிறேன், என்பேன்.
பொய்யில்லை. இருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு மதியம், வேலை செய்ய மனசு வராமைக்கும்
எண் இருக்குமா என்று தேடினேன்.
இருந்தது.
தேடிய நேரத்துக்கு ஒன்பது பேரை முடித்திருக்கலாம்.

நாலாங்கட்டை ஒட்டிய அறை
ஈப்போவில் இருக்கும் பங்காளியுடையது.
ஒட்டடை மட்டும் அடிச்சு வச்சுக்க ஆத்தா, என்று
குரல் அனுப்பினார்; சாவி எங்கள் பெட்டகத்திலேயே கிடந்தது.
அன்றிலிருந்துதான் செருப்பு.
முதல் நாள் திருடப் போகிறவள் மாதிரி நடந்தேன்.
இஸ்திரி வண்டி ஆண்டிச்சாமி, எங்க ஆச்சி, என்றார்.
ஆபீசுக்கு.
அவர் சாதாரணமாகத் தலையை ஆட்டினார்.
அந்தத் தலையாட்டலில் அன்று எழுபத்தொன்பது முடித்தேன்.

எல்லா நாளும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன்.
பராமரிப்பென்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாள் உண்டு.
இருந்தும் நாற்பதோடு கை நிற்கும் நாளும் உண்டு.
ஆனால் மிச்ச நாற்பத்தைந்து பேரும் அந்த அறையிலேயே கிடப்பார்கள்;
சாவியைத் திருப்பினால் சோறு தின்னும்போது எதிரே வந்து உட்காருவதில்லை.

ஒருமுறை முன்கட்டிலிருந்து இவர் போன் செய்தார்:
சிலிண்டர் வந்திருக்கு, சில்லறை எங்க?
ஆபீஸ்ல இருக்கேன், அலமாரில பாருங்க, என்றேன்.
என் குரல் போனில் ஒருமுறையும்
வளவு வழியாக ஒருமுறையும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.
சரி, என்றார். எவ்வளவு சிரித்தார் என்று தெரியாது.

நேற்று ஞாயிறு. சார்ஜரை அங்கேயே விட்டிருந்தேன்.
மூன்றாங்கட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது.
இருபது எட்டில் எடுத்துவிடலாம்.
நிலைப்படியில் கொஞ்சம் நின்றேன்.
திரும்பி வந்து செருப்பை மாட்டினேன்.

லீவு நாள்லயுமா ஆச்சி?
ஒரு சாமான் எடுக்க.
கரியை விசிறிக்கொண்டே ஆண்டிச்சாமி கேட்டார்:
அந்த வாசலும் உங்க வீடுதானே?
ஆமாம், என்றேன்.
அவர் யாருடைய வேட்டியையோ உதறி நீர் தெளித்தார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பதின்மூன்று.