நாற்பத்தெட்டில் ஐந்து

எதிராளியின் வாதத்தை முதலில் எழுதுவேன்,
பென்சிலால்.
பேனை என் கட்சிக்காரருக்கு.

புன்னாலைக்கட்டுவன் காணி.
உறுதியில் நாலாவது மடிப்பு பிய்ந்து
ஒரு சொல் போய்விட்டது.
மிச்சம் வாசிக்கலாம்:
‘கிணற்றிலும் வழி வாய்க்காலிலும்
நாற்பத்தெட்டில் ஐந்து பங்கு.’
துலா மிதித்த காலத்தில் அது நாட்கணக்கு.
இப்போது மோட்டர்.
ஐந்து பங்குக்கு எத்தனை நிமிடம் என்று
நொத்தாரிசு எழுதிவைக்கவில்லை.

கிழக்கெல்லை: அன்னமுத்து பேரிலுள்ள காணி.
அன்னமுத்து செத்து, காணி மூன்றாய் உடைந்து,
ஒரு துண்டு நோர்வேயில் இருக்கிறது.

கல்குலேட்டரை வைத்துவிட்டுக்
கிணற்றடிக்கே போனேன்.
சப்பாத்தெல்லாம் செம்மண்.
எதிராளி பக்கத்து வாய்க்கால் பழசு,
பாசி ஊறிக் கறுத்தது.
எங்களது
போன வருஷத்துச் சீமெந்து.

வைகுந்தநாதன் இதைச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

இரவு, பென்சில் பக்கத்தில்
ஒரு வரி கூட்டினேன்.
பேனைப் பக்கத்தில் மூன்றை வெட்டினேன்.
பிறகு போன் எடுத்தேன்:
“தவணைக்கு முன்னம் ஒருக்கா
அவையளோட கதைச்சுப் பாப்பமோ?”

அந்தப் பக்கம் கனநேரம் பேச்சில்லை,
தண்ணி விழுகிற சத்தம் மட்டும்.
அதுவும் நின்றது.